வீட்டில் படிக்கும் பிள்ளையையும் யாராவது வந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கண்டியிலும் நுவரெலியா டவுனிலும் லண்டன் பாடத்திட்டத்தில் படிப்பிக்கும் வசதியுள்ள பெற்றோரைப் பற்றித்தான் அதில் அதிகம் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடக்க முடியாத ஒரு பிள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் பாதை, மழை பிடித்தால் பெரியவர்களே வழுக்கி விழும் பாதை. விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கொஞ்ச காலம் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை வளர வளர அவரால் முடியவில்லை. இப்போது உயர்தரம் வரை படித்த தாய்தான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார், ஆரம்பப் பிரிவில் காலமெல்லாம் படிப்பித்தவள் என்ற முறையில் கொப்பிகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் பாடசாலைக்குப் போய் அரசாங்கப் பாடநூல் கேட்டால், “பிள்ளையின் பெயர் இடாப்பில் இல்லையே” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் புத்தகங்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன, உண்மைதான். டேட்டா போட்டு, சின்ன போனில் ஆறாம் ஆண்டு விஞ்ஞானப் படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சட்டம் இவர்களுக்கு எதிராக இல்லை. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்த ஒழுங்குவிதி, பிள்ளையின் கல்விக்குப் பெற்றோர் போதுமான, பொருத்தமான வேறு ஏற்பாடு செய்திருந்தால் ஒழியப் பாடசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறது. கட்டாய வயது அப்போது 5 முதல் 14. 2016இல் அதை 16 ஆக உயர்த்தினார்கள். சரி, அந்த ஏற்பாடு போதுமானதா, பொருத்தமானதா என்று யார் வந்து பார்ப்பது? பாடசாலை வருகைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அது கூடியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கூடினாலும் இடைவிலகிய பிள்ளைகளின் பட்டியல் எடுப்பார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன பிள்ளையும் அந்தப் பட்டியலில் ஒரு இடைவிலகல்.

யாரும் வராதது குடும்பங்களுக்கு நிம்மதி என்று சிலர் நினைக்கலாம். மலையகத்தில் அப்படி நினைக்க முடியாது. “வீட்டில் இருந்து படிக்கிறது” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் புரோக்கர்கள் இங்கே உண்டு. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 2021இல் 16 ஆக்கினார்கள். அதே ஆண்டு கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகம சிறுமி இஷாலினி தீக்காயங்களோடு இறந்ததை மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறதா என்று தவணைக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்தால் என்ன?

இங்கிலாந்திலும் இந்த விவாதம் நீண்ட காலமாக நடக்கிறது. அங்கே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாடசாலையிலோ வேறு வழியிலோ படிப்பிக்கலாம் என்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க உரிமை வேண்டும் என்று அரசாங்கத்துக்காக கிரகாம் பேட்மன் எழுதிய அறிக்கை 2009இல் சொன்னபோது பெற்றோர் கொதித்தார்கள். 2010 தேர்தலுக்கு முன் அது கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் புதிய சட்டமூலத்துடன் பதிவேடு மறுபடியும் வந்தது. பெற்றோரின் கோபம் எனக்குப் புரிகிறது. பெயரை எழுதிக்கொண்டு போகிறவர், பரீட்சைக் கட்டணத்தையும் நீயே கட்டிக்கொள் என்றால் யார்தான் கதவைத் திறப்பார்கள்?

அதனால் பார்ப்பது, உதவுவது இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன். வலயக் கல்விப் பணிமனையில் ஒரு பதிவேடு. அதில் பெயர் கொடுத்த பிள்ளையை அருகிலுள்ள பாடசாலையோடு இணைத்துவிடுங்கள். பாடநூல், தவணைப் பரீட்சை வினாத்தாள், நூலகம், விளையாட்டுப் போட்டி எல்லாம் அங்கிருந்து கிடைக்கட்டும். தவணைக்கு ஒரு முறை ஆசிரிய ஆலோசகர் வந்து கொப்பியைப் பார்க்கட்டும், பிள்ளையோடு பேசட்டும். தாய்க்குச் சந்தேகம் இருந்தால் கேட்கட்டும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் கூட வந்தால் நல்லது. சீருடையில் பொலிஸ் வேண்டாம்.

இருக்கிற தோட்டப் பாடசாலைகளுக்கே கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லையே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் புது நியமனம் கேட்கவில்லை. ஆசிரிய ஆலோசகர்கள் எப்படியும் இந்த ரோடுகளில் போய் வருகிறார்கள். வழியில் ஒரு லயத்தில் அரை மணி நேரம் செலவிட்டால் போதும்.

அப்புறம் சாதாரண தரப் பரீட்சை. பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார், அடையாள அட்டைக்கும் அவரே ஒழுங்கு செய்வார். வீட்டில் படித்த பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கட்டணம் கட்டி, கிராம உத்தியோகத்தர் மூலம் அடையாள அட்டை எடுத்து, முடிவுத் திகதிக்குள் எல்லாவற்றையும் தானே பார்க்க வேண்டும். இணைக்கப்பட்ட பாடசாலையின் அதிபரே இந்த இரண்டு விண்ணப்பங்களையும் அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். வேறு எதுவும் இப்போதைக்கு முடியாவிட்டாலும் இதையாவது கல்வி அமைச்சு உடனே செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.