ஆய்வேடுகளுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா நடக்கும்போதெல்லாம் முனைவர் பட்டம் பெற்றோரின் எண்ணிக்கை நாளிதழ்களில் செய்தியாகிறது. அவர்கள் எதை ஆராய்ந்தார்கள் என்பது செய்தியாவதில்லை. எப்போதாவது ஓர் ஆய்வுத் தலைப்பு வெளியே கசிந்தால், 'இதற்கெல்லாமா முனைவர் பட்டம்?' என்ற கேள்வியோடு அது கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. கல்லூரி நூலகராக நெடுங்காலம் பணியாற்றி, பொன்னெழுத்து பொறித்த அட்டையோடு வந்து சேரும் ஆய்வேடுகளைத் துறைவாரியாக அடுக்கி வைத்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. ஒரே அலமாரியில் கல்வெட்டியலுக்கு அடுத்து பூச்சியியலும், அதற்கடுத்து வங்கிக் கடனும், எண் கோட்பாடும் நிற்பதைப் பார்த்து, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையே என்று நினைப்பது எளிது. ஆனால், அந்தத் தொடர்பு எங்கிருந்து, எப்போது முளைக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2018இல் அங்கு நடத்திய நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியானபோது, தமிழர் அனைவரும் பெருமையோடு பேசியது கி.மு. 580 என்ற காலக்கணிப்பைப் பற்றித்தான். அந்த ஆண்டைத் தந்தது 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்தில் அதைக் கணித்த முறை, கதிரியக்கக் கரிமத்தை ஆராய்ந்த வில்லர்ட் லிபி என்ற வேதியியலாளர் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கியது. அதற்காக அவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். குழியில் கிடைத்த எலும்புத் துண்டுகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்குச் சென்றன. அவற்றில் மாடு, எருமை, ஆடு எவை, காட்டுப்பன்றியும் மயிலும் எவை என்று பிரித்துச் சொன்னவர்கள் விலங்குகளின் எலும்பமைப்பைக் கற்றவர்கள். செங்கல்லையும் சுண்ணச் சாந்தையும் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளைப் படிக்க எழுத்தியல் வல்லுநர்கள் தேவைப்பட்டார்கள். அதோடும் நிற்கவில்லை. கீழடிப் பானை ஓடுகளின் கரிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கரிமக் குழாய்கள் இருப்பதை வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்து 2020இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். நுண்பொருள் அறிவியலைக் கற்றவர் பழம்பானை ஓட்டைக் கையில் எடுத்திருக்காவிட்டால், இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தே இருக்காது.

மற்றொன்று நம் கச்சேரி மேடையிலிருந்தே வருவது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் நடுவே, 'சோறு' எனப்படும் கரிய பசை வட்டமாகப் பூசப்பட்டிருப்பதை அனைவரும் பார்த்திருப்போம். சாதாரணத் தோல் கருவிகளில் அடிப்படைச் சுருதியோடு பொருந்தாத அதிர்வுகள் கலந்து எழுவதால் ஓசை இரைச்சலாகிறது. மிருதங்கமோ சுருதி சேர்கிறது. காரணம் என்ன என்று கேட்டவர், அப்போது கல்கத்தாவில் இருந்த சர் சி.வி. ராமன். அந்தக் கருவட்டத்தின் கனம்தான் அடிப்படைச் சுருதியோடு கூடவே எழும் மேலதிர்வுகளை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து இசைய வைக்கிறது என்பதை 1920இல் உடனாய்வாளர் ஒருவரோடு எழுதிய சிறு கட்டுரையிலும், பின்னர் 1934இல் விரிவான கட்டுரையிலும் அவர் விளக்கினார். ஒளிச்சிதறல் ஆய்வுக்கு 1930இல் நோபல் பரிசு பெற்ற பிறகும், தோலில் நுண்மணலைத் தூவி அதிர்வுக் கோடுகள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பதை அவர் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை. பெயர் வெளியே தெரியாத மிருதங்க வினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டறிந்து வைத்திருந்ததை இயற்பியல் தன் மொழியில் ஒப்புக்கொண்ட நிகழ்வு இது. இன்று ஒரு மாணவர் 'மிருதங்கத்துச் சோறு' என்ற தலைப்போடு வந்தால், நாம் என்ன சொல்வோம்?

பயன் உடனே தெரியாத ஆய்வுக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை நினைவிருக்கும். மரபுப்பொருளைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பெருக்கும் பி.சி.ஆர். முறைதான் அச்சோதனையின் அடிப்படை. அது பெருமளவில் நடைமுறைக்கு வந்தது, கொதிநிலையை நெருங்கும் வெப்பத்திலும் சிதையாத ஒரு நொதியால். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் என்ன உயிர் வாழ்கிறது என்று 1960களில் தேடிய தாமஸ் பிராக், தம் மாணவர் ஒருவரோடு கண்டறிந்த நுண்ணுயிரில் அந்த நொதி இருந்தது. அவர்கள் தேடியது நோய்க்கான சோதனையை அல்ல.

எல்லா ஆய்வேடுகளும் இந்தத் தரத்தில் இருக்கின்றன என்று நான் வாதிடவில்லை. பழைய ஆய்வேட்டின் பக்கங்களைப் பெயர்த்து ஒட்டுவதும், பணம் கொடுத்துக் கட்டுரை வெளியிடுவதும் நடக்கின்றன. அவற்றைக் கண்டிக்க வேண்டும். ஆனால், தரத்தை உள்ளடக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, தலைப்பை வைத்தல்ல. படிக்க வழி எங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் 'ஷோத்கங்கா' தளத்தில் ஏற்றப்படுகின்றன. தமிழ்த் துறை போன்ற சில துறைகளைத் தவிர, நம் மாநிலத்து ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்களும் வரலாம் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்படுகிறது. அந்தப் பலகையைக் கடந்து செல்பவர்கள் அத்துறை மாணவர்கள் மட்டுமே. இயற்பியல் கட்டடத்தில் நடப்பது வரலாற்றுத் துறைக்குத் தெரிவதில்லை. ஆய்வாளர்கள் வினாநிரலோடு கடற்கரைக் கிராமத்துக்குச் சென்று மீனவப் பெண்களிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டு எழுதி வருகிறார்கள்; அந்தப் பெண்கள் சொன்ன பதிலிலிருந்து என்ன முடிவு கிடைத்தது என்பதை அவர்களிடமே சொல்ல எந்த ஏற்பாடும் கிடையாது. இதை நான் ஓர் அநீதியாகவே கருதுகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எந்தத் துறையாயினும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதே பன்னிரண்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றையும் தர வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் விதி செய்ய வேண்டும். என்ன கேள்வி, அதை எப்படித் தேடினார், என்ன கிடைத்தது, எது இன்னும் விளங்கவில்லை என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். கலைச்சொல்லுக்குத் தடுமாறுவோர் தம் கல்லூரித் தமிழ்த் துறையின் உதவியை நாடலாம். அதனாலும் இரண்டு துறையினர் ஒரு மேசையில் அமர்வார்கள். களஆய்வு நடந்த ஊர்களின் நூலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அச்சுருக்கத்தின் படி ஒன்று செல்ல வேண்டும். தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்கி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று துறைகளின் சுருக்கங்களை அருகருகே வெளியிட முன்வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொகுக்க, என்னைப் போன்ற ஓய்வுபெற்ற நூலகர்கள் ஊதியம் எதிர்பாராமல் உழைக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
மதுரை.