இரண்டு திருநெல்வேலி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். பாளையங்கோட்டையில் நேற்று நல்ல மழை.

போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. டொராண்டோ பஸ்ஸில் ஓர் அக்கா "எனக்கும் திருநெல்வேலிதான்" என்றதும் "டவுனா, ஜங்ஷனா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாய். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்று தெரிந்ததும் உனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பேர் மட்டும்தான்பா ஒண்ணு" என்றாய். அப்படி இல்லை, அம்மா.

தபால் இலாகாவில் நான் சேர்ந்த புதிதில், 1984-ல், வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விலாசத்தில் பல்கலைக்கழகம், திருநெல்வேலி என்று மட்டும் இருந்தது. நம் ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்ததே 1990-ல்தானே! முழித்துக்கொண்டு நின்றேன். மூத்தவர் ஒருவர்தான், "இது யாழ்ப்பாணம்டே" என்றார். அங்கே சர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974-ல் பல்கலைக்கழக வளாகம் வந்தது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டேன். உறையில் 'இலங்கை' என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். அங்கே சண்டை நடந்த காலம். போய்ச் சேர்ந்ததா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அங்கே வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணும் கிணற்றுத் தண்ணீரும்தான். நமக்கோ தாமிரபரணி. ஆனால் அந்தப் பெயரும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அசோகன் கல்வெட்டில் வரும் தம்பபண்ணி இலங்கைத் தீவுதான் என்கிறார்கள். கிரேக்கர்கள் தப்ரபேன் என்றதும் அதைத்தான். ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர்! எது முதல், எது இரண்டாவது என்று நான் பார்ப்பதில்லை. கடலுக்கு அந்தப் பக்கமும் நம் ஊர் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அக்காவை இன்னொரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு. தேங்காய்ப்பால் குழம்பு, நம் சொதி வை. மறுவீட்டு விருந்துக்கு ஆச்சி வைப்பாளே, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு, அதே மாதிரி. இஞ்சிப் பச்சடியை மறந்துவிடாதே. அவர்கள் வீட்டுச் சொதி தண்ணியாக, இடியாப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி இருக்கும். எலுமிச்சையை அவர்கள் தேசிக்காய் என்பார்கள். இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும் என்கிறாள் உன் அம்மா. அவர்கள் எப்போது பிழிகிறார்கள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா