திரிசூலம் நிலையத்தைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்குத் தென்காசி போகிறீர்கள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கைக்கு மூட்டுவலி இன்னும் தீரவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா, விமானத்தை விட்டு இறங்கியதும் மின்சார ரயிலைப் பிடிப்பது அவளுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்காகவே நேற்று மாலை சென்னை விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கிச் சுற்றிப் பார்த்தேன்.

மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, மலையை ஒட்டி அமைந்த சிறிய நிலையம் அது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலைக்கு மேற்கே விமான நிலையம், இது கிழக்கே. இரண்டையும் இணைப்பது சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை. தூரம் அதிகமில்லை, ஆனால் படிகள் உண்டு. விமான நிறுவனத்தின் சீட்டு இன்னும் கழற்றப்படாத பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு முதியவர் படிக்குப் படி நின்று ஏறியதைக் கண்டபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. இத்தகைய இடத்தில் படியைவிடச் சாய்தளமே முதலில் எண்ணப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

விமானப் பயணிகளைவிட அங்கே வேலை செய்பவர்களே நடைமேடையில் அதிகம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, துப்புரவுப் பணியாளர்களும் பாதுகாவலர்களும் சுமை ஏற்றுவோரும் முறை மாறும் நேரத்தில் கூட்டமாக வருகிறார்கள். குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாக இருப்பதால்தான் அவர்களால் தொலைவிலிருந்தும் நாள்தோறும் வந்துபோக முடிகிறது. 1931-இல் மீட்டர் பாதையில் தொடங்கிய கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் இன்றுவரை இப்படிப்பட்டவர்களுக்கே பெருந்துணை.

எழும்பூர் வரை போய்த் தென்காசி செல்லும் பொதிகை விரைவு ரயிலைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பொதிகை தாம்பரத்தில் நிற்கும். திரிசூலத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் கடந்தால் நான்காவது நிறுத்தமே தாம்பரம். எழும்பூருக்கு மெட்ரோ உண்டு, ஆலந்தூரில் மாற வேண்டும். அங்கே மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருந்தாலும், தெற்கே போக வேண்டிய நீங்கள் வடக்கே போய்த் திரும்புவது வீண் அலைச்சல். முன்பதிவில் ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று முன்கூட்டியே மாற்றிவிடு. மறந்தால் எழும்பூரில் வராதவர்களாகக் கருதி இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

மாலை ஆறு மணிக்கு மேல் தாம்பரம் செல்லும் வண்டிகளில் நெரிசல் மிகுதி. வண்டி அரை நிமிடம்தான் நிற்கும். தங்கை மகளிர் பெட்டியிலும் நீ வேறு பெட்டியிலும் ஏறுவது சரிப்படாது. உங்கள் விமானம் மாலையில் இறங்குவதாக இருந்தால் ரயிலை விட்டுவிட்டு வாடகைக் காரிலேயே தாம்பரம் போய்விடுங்கள். பிற்பகலில் இறங்கினால் நானே சுரங்கப்பாதை வாசலுக்கு வந்து பெட்டிகளை வாங்கிக்கொள்கிறேன். விமானம் இறங்கும் நேரத்தை உடனே எழுது.

அன்புடன்,
வேலாயுதம்