முதல் மூன்று நிமிடங்கள்

மேற்கு மாம்பலம்,
சென்னை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் கயல்விழியின் குறும்படமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சரவணனுக்கு இன்னும் இரவுப் பணிதான். போன மாதம் ஒரு வேலையாக அண்ணா சாலைப் பக்கம் போனேன். சாந்தி தியேட்டர் இருந்த இடம் வந்ததும் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாம் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்ற இடமாயிற்றே, பார்க்க மனம் வரவில்லை.

கயல்விழி படத்தை நான்கு முறை பார்த்தேன். ‘இவ்வளவு செய்தும் பயமே வரவில்லையே, ஏன் என்று மாமாவிடம் கேளுங்கள்’ என்றாளாமே. அவளுக்கு நல்ல கண் இருக்கிறது. மொட்டைமாடிப் படிக்கட்டில் விழும் அந்த ஒற்றைக் கோட்டு வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் முதல் நாற்பது நொடிக்குள் முப்பதுக்கும் மேல் கட், அதாவது ஒரு ஷாட்டை வெட்டி இன்னொன்றுக்குத் தாவுவது. உட்கார்ந்து எண்ணினேன். போதாததற்குப் பின்னணி இசை வேறு காதை அடைக்கிறது. எது யாருடைய கை, எது எந்த அறை என்று தேடுவதிலேயே என் நேரம் போய்விட்டது. பயப்பட அவகாசமே கிடைக்கவில்லை.

அவளை ‘டச் ஆஃப் ஈவில்’ பார்க்கச் சொல். ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்தது. முழுப் படம் பிறகு பார்க்கட்டும், முதல் ஷாட் போதும். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அதில் ஒரு கட் கூடக் கிடையாது. எடுத்த எடுப்பில் இரண்டு கைகள், அவற்றில் ஒரு வெடிகுண்டு. விரல்கள் கடிகார முள்ளைத் திருப்பி வைக்கின்றன. எங்கோ ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம். அந்த ஆள் ஓடிப்போய் ஒரு காரின் டிக்கியில் குண்டை வைத்துவிட்டு இருட்டில் மறைந்துவிடுகிறான். ஓர் ஆணும் பெண்ணும் வந்து ஏறிக்கொள்ள, கார் புறப்படுகிறது. கேமரா கிரேனில் ஏறிக் கட்டடத்துக்கு மேலே போகிறது. கார் சுவருக்குப் பின்னால் மறைகிறது. பிறகு திருப்பத்தில் மறுபடி வருகிறது. அது மறைந்திருக்கும் அந்தச் சில நொடிகளைத்தான் கயல்விழி கவனிக்க வேண்டும். திரையில் ஒன்றுமே நடக்கவில்லை, வெறும் கூரைதான் தெரிகிறது. நாம் மட்டும் மனத்துக்குள் அந்தக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம்தான் கதாநாயகனும் அவனுடைய புது மனைவியும் நடந்து வருகிறார்கள். காரும் அவர்களும் ஒரே தெருவில், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போகிறார்கள். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். ஆடுகள் குறுக்கே வருகின்றன. நம் ஊர்த் தெருவில் நடப்பதெல்லாம்தான். கார் நிற்கும் ஒவ்வொரு முறையும் என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. எல்லைச் சாவடியில் காரிலிருக்கும் பெண், தலைக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்கிறாள். காவலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. கார் தாண்டிப் போகிறது, புதுமணத் தம்பதி முத்தமிட்டுக்கொள்கிறார்கள், வெடிக்கிறது. அடுத்த ஷாட்டில் எரியும் கார். படத்தின் முதல் கட்டே அங்கேதான்.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவனுக்கு முன்பே தெரிந்தால்தான் பதைப்பு என்று இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதைக் கல்லூரியில் அவள் படித்திருப்பாள், அதனால் நான் மேலே விளக்கவில்லை. வெல்ஸ் அதற்கு மேல் ஒன்று செய்தார். கட் இல்லாததால் குண்டின் நேரமும் நம் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கட் செய்திருந்தால் இடையில் கொஞ்ச நேரம் கழிந்திருக்கும் என்று மனம் தப்பித்துக்கொள்ளும்.

ஒலியைப் பற்றியும் சொல். படத்தைத் தயாரித்த ஸ்டூடியோ இந்தக் காட்சியின் மேல் பெயர்ப்பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் வைத்துவிட்டது. வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி முறையிட்டும் அன்று பலனில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துப் படத்தைத் திருத்தித் தொகுத்தார். அதில் தெருவோரக் கடைகளின் பாட்டும் கார் ரேடியோவும்தான் கேட்கின்றன. கார் நெருங்கும்போது ரேடியோ உயர்கிறது, விலகும்போது தேய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டாவதுதான். கண்ணுக்குத் தெரியாத காரைக் காது தேடுகிறது.

இது எனக்குப் பழக்கமான தேடல்தான். இரவு ஒன்றரை மணிக்கு சரவணனின் வண்டி வரும் வரை லலிதாவும் நானும் விழித்தே இருப்போம். பிள்ளையார் கோயில் முனையில் திரும்பும்போது வண்டிச் சத்தம் ஒரு கணம் அமுங்கிப் பிறகுதான் தெளியும். அந்த ஒரு கணம் இருக்கிறதே, சுந்தரம், அவன் இந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை.

எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ நினைவிருக்கிறதா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் எட்டுப் பேர் ஒரு டிவி முன்னால் நெருக்கி உட்கார்ந்து பார்த்தோமே. 1954இல், பாட்டே இல்லாமல், படம் தொடங்கியதும் சிவாஜியைச் சுட்டுச் சாய்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அங்கே நமக்கு ஒன்றும் தெரியாது, யார் சுட்டது என்ற கேள்விதான் கடைசிவரை இழுத்துப்போகிறது. வெல்ஸிடம் எல்லாம் தெரியும், எப்போது என்பது மட்டும் தெரியாது. கயல்விழி இரண்டையும் ஒரே காட்சியில் செய்யப் பார்த்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. அவள் கதை இரண்டாவது வகை.

அதனால் மாடியில் நிற்பவனை முடிவுவரை ஒளித்து வைக்க வேண்டாம். முதலிலேயே அவன் கால்களை மட்டும் இரண்டு நொடி காட்டட்டும், கூடவே தாழ்ப்பாள் போடாத மாடிக் கதவையும். பிறகு கேமரா கீழே இறங்கி அந்தப் பெண்ணோடு இருக்கட்டும். அவள் துணி மடிக்கட்டும், பால் காய்ச்சட்டும், போனில் அம்மாவிடம் பேசட்டும், எல்லாம் ஒரே ஷாட்டில். மாடிக் கதவு திரையின் ஓரத்தில் வந்தும் மறைந்தும் இருந்தால் போதும். இசையை எடுத்துவிடச் சொல், பால் பொங்கும் சத்தம் இருக்கிறதே.

திருத்தி எடுத்ததும் எனக்கு அனுப்பட்டும், எத்தனை முறையானாலும் பார்க்கிறேன். பொங்கல் முடிந்து நீங்கள் மூவரும் இங்கே வருவதாகச் சொன்னீர்கள். தேதி முடிவானதும் எழுது, எழும்பூர் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்