சுக்கான் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினருக்கான கடற்பயிற்சித் திட்டங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அத்திட்டங்கள் தலைமைப் பண்பையும் மன உறுதியையும் வளர்க்கின்றன என்று கட்டுரை சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அவை எவ்வாறு வளர்க்கின்றன என்ற இடத்தில்தான், பல ஆண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில், கட்டுரையாளரோடு முரண்படுகிறேன். சீருடை, அணிவகுப்பு, தலைமைப் பண்பு வகுப்புகள் ஆகியவற்றை முன்னால் வைத்து, படகோட்டும் கலையை அவற்றோடு ஒட்டிய ஒரு பொழுதுபோக்காக அவர் காட்டியிருக்கிறார். நான் கண்டவரை காரியம் நேர்மாறானது. படகை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொடுத்தால் மற்றவை அதன் பின்னாலேயே வந்து சேர்கின்றன. அதை அரைகுறையாக விட்டுவிட்டு மற்றவற்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் கொட்டாவி விடுவதோடு சரி.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேரிடம் ஒரு மாலையில் நங்கூரமிடும் பொறுப்பை முழுவதுமாக ஒப்படைத்திருந்தோம். படகின் முகப்பிலிருந்து கடலின் அடித்தரை வரை 5 மீட்டர் என்று அவர்கள் அளந்தார்கள். அதைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும் என்ற பாடம் நினைவில் இருந்ததால் 25 மீட்டர் விட்டார்கள். பெருக்கலில் பிழை இல்லை, ஆனால் அவர்கள் அளந்த நேரம் தாழ் ஓதம், அதாவது கடல்நீர் இறங்கியிருந்த வேளை. இரவில் நீர் 3 மீட்டர் ஏறியபோது ஐந்து மடங்காக இருந்த கயிறு மூன்று மடங்கு சொச்சமாகிவிட்டது. சாய்ந்து கிடந்த கயிறு நிமிர்ந்து இழுத்ததில் நங்கூரம் பிடி தளர்ந்து, படகு மெல்ல நகரத் தொடங்கியது. சுற்றிலும் தாராளமான நீர்ப்பரப்பு இருந்ததால் பயிற்றுநர்களாகிய நாங்கள் பார்த்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்தோம் (அது எவ்வளவு கடினம் என்பது கற்பிப்பவர்களுக்குத் தெரியும்). நள்ளிரவுக் காவலில் இருந்த சிறுமிதான், கரையில் ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிந்த இரண்டு விளக்குகள் இப்போது விலகித் தெரிகின்றன என்று கவனித்து எல்லோரையும் எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவர்கள், யார் செய்த தவறு என்று சண்டை பிடிக்காமல் இன்னும் 15 மீட்டர் கயிறு விட்டார்கள். நங்கூரம் மறுபடி மண்ணைக் கவ்வியது. அந்த இரண்டு விளக்குகளையே பார்த்தபடி விடியும்வரை மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஓதம் ஏறும் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கரும்பலகையில் நான் பலமுறை எழுதிப் போட்டிருந்ததுதான். அந்த இரவுக்குப் பிறகு அதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை.

கட்டுரையாளர் தேடும் பண்புகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தன என்றே நினைக்கிறேன். அவற்றை வரவழைத்தது சொற்பொழிவு அல்ல. நகர்ந்துகொண்டிருந்த படகும், அதைப் பிள்ளைகளின் கையில் விட்டிருந்த ஏற்பாடும்தான்.

இந்தப் பார்வை எனக்கு மட்டும் உரியதன்று. 1941ஆம் ஆண்டில், போரின் நடுவே, வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டோவி என்னும் ஊரில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கடிக்கப்பட்டபின் உயிர்காப்புப் படகுகளில் தவித்தவர்களில், வலுவும் வயதும் வாய்த்த இளம் மாலுமிகளைவிட, பாய்மரக் கப்பல்களில் பழகிய மூத்தவர்களே தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலையாக இருந்தது. கடலைப் பிழைப்பாகக் கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டும் அல்லாமல் மற்ற இளைஞர்களுக்கும் கடல் ஒரு பயிற்சிக் களமாகட்டும் என்பதே அப்பள்ளியின் நோக்கம். 1956இல் இங்கிலாந்தின் டார்கி துறைமுகத்திலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு நடந்த பெரும் பாய்மரக் கப்பல் போட்டியிலிருந்து வளர்ந்து வந்திருக்கும் இன்றைய தொடர் போட்டிகளிலும், ஒவ்வொரு கப்பலின் குழுவிலும் குறைந்தது பாதிப் பேர் 15 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. அந்த இளைஞர்கள் பயணிகளாக அல்ல, கயிறு இழுக்கவும் பாய் ஏற்றவும் காவல் நிற்கவும் கப்பலில் ஏறுகிறார்கள்.

பெரிய கப்பல் இருந்தால்தான் இது நடக்கும் என்றும் இல்லை. 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த 'ஆப்டிமிஸ்ட்' படகு நீளத்தில் இரண்டரை மீட்டர்கூட இல்லை. ஒரே பாய், ஒரே சுக்கான், உள்ளே ஒரே ஒரு பிள்ளை. 15 வயது வரையிலான சிறுவர்கள் உலகெங்கும் அதில் போட்டியிடுகிறார்கள். காற்று திசை மாறினால் பாயைத் தளர்த்துவதா இழுப்பதா என்று முடிவெடுக்க அந்தப் படகில் வேறு ஆள் இல்லை. பழி போடவும் ஆள் இல்லை.

குழுவாக ஓட்டும் படகில் வேறொன்றைக் கற்கிறார்கள். ஆள் கடலில் விழுந்துவிட்டால் மீட்பதற்கான ஒத்திகையில், மிதவை ஒன்றோடு வாளியைக் கட்டித் தண்ணீரில் எறிவோம். வாளி நீரில் அமிழ்ந்து கிடப்பதால் மிதவையைக் காற்று அடித்துக்கொண்டு போகாது. முதலில் கண்டவர் உரக்கக் கத்த வேண்டும். உடனே ஒருவர் கையை நீட்டி அந்த மிதவையைச் சுட்டிக் காட்டத் தொடங்க வேண்டும். படகு எப்படித் திரும்பினாலும், அது மீட்கப்படும்வரை, கண்ணையும் கையையும் அவர் எடுக்கக் கூடாது, வேறு எந்த வேலையையும் தொடக் கூடாது. அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை சில நொடிகளில் பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், சுக்கான் பிடிப்பவர் அந்தக் கையை நம்பித்தான் படகைத் திருப்புகிறார். குழுவிலேயே அதிகம் பேசாத பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். தலைமை என்றால் உரத்த குரலில் ஆணையிடுவது என்று எண்ணியிருந்த மற்றவர்கள், நீட்டிய ஒரு கைக்குக் கட்டுப்பட்டுப் படகைத் திருப்புவார்கள்.

இனி, கட்டுரை அறவே தொடாத ஒன்று. பொறுப்பை ஒப்படைப்பது வேறு, பிள்ளைகளைக் கைவிடுவது வேறு. கடல் சாரணர் இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1912 ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் லேஸ்டவுன் அருகே திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் உயிரிழந்தார்கள். நீச்சல் தேர்வு, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி, வானிலை அறிக்கை பார்க்காமல் கயிறு அவிழ்ப்பதில்லை என்ற விதி, அருகிலேயே பாதுகாப்புப் படகு, முறையாகச் சான்று பெற்ற பயிற்றுநர் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் அத்திட்டத்திற்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பேன். படகிலிருந்து ஒரு பிள்ளை நினைத்த நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விட முடியாது. ஆகவே பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முன்கூட்டியே விசாரிப்பதும், எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனித்திருக்கும் நிலையைத் தவிர்ப்பதும் கட்டாயம். மேற்பார்வை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பிள்ளைகளிடம் முடிவுகளை விட்டுவிடும் துணிவு பயிற்றுநருக்கு வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று கருதும் பெற்றோரிடம் இதை விளக்க நான் செலவிட்ட நேரம் கொஞ்சமல்ல.

செலவைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னது உண்மை. படகும் பராமரிப்பும் காப்பீடும் விலை மிகுந்தவை, வசதியற்ற பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்காத திட்டங்கள் பல. ஆனால் இருக்கும் பணத்தைச் சீருடையிலும் நிறைவு விழாவிலும் கொட்டிவிட்டு, படகுகளைக் கரையிலேயே உலர விடும் திட்டம் ஒன்றில் நானே சில காலம் பணியாற்றியிருக்கிறேன். ஐந்து நாள் முகாமில் அங்கே ஒரு பிள்ளையின் கையில் சுக்கான் இருந்த நேரம் மொத்தமாக இருபது நிமிடம். தலைமைப் பண்புச் சான்றிதழ் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

ஆகவே, இத்தகைய திட்டங்களைப் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதும்போது, நிர்வாகிகளிடம் அவர்களின் கொள்கை விளக்கத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் எழுதிய படகுக் குறிப்பேட்டையும் வாங்கிப் பார்க்கும்படி தங்கள் செய்தியாளரிடம் சொல்லுங்கள். எந்த மணிக்குக் காற்று எப்படி இருந்தது, யார் காவலில் இருந்தார், யார் என்ன முடிவெடுத்தார் என்பவை அதில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். என்னிடம் உள்ள பழைய குறிப்பேடு ஒன்றில், பல வாரங்கள் ஆசையோடு காத்திருந்த நெடும்பயணம் புறப்பட வேண்டிய காலையில், அன்றைய படகுத் தலைவியாக இருந்த பதினைந்து வயதுப் பெண் எழுதிய இரண்டே வரிகள் இருக்கின்றன: "காலை 6 மணி. காற்று கூடிக்கொண்டே போகிறது, இன்று கிளம்பவில்லை."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாய்மரப் படகுப் பயிற்றுநர் ஒருவர்