கடை திறந்திருக்க, முதலாளி ஊரில் இல்லாமலிருக்க

வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்குத் தீர்மானங்கள் எழுதுகிறீர்கள். வரி, அபராதம், ஆன்லைன் வர்த்தகம் எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் கடைக்காரரைக் கட்டிப்போட்டிருக்கும் முடிச்சுகளில் பல, கடைக்குள்ளேயே விழுந்தவை. பணியாளருக்கு வார விடுமுறையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. முதலாளிக்கு யார் கொடுப்பது?

பண்டிகை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை உறுப்பினர்களைக் கடைக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு போனையும் ஒரு தாளில் குறிக்கட்டும். மாலையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும்: விலை, பணம், ஓடிபி.

விலை கேட்டு போன் வருவது, எதுவரை குறைக்கலாம் என்பது முதலாளியின் மண்டைக்குள் மட்டும் இருப்பதால். பொருள்வாரியாகக் கடைசி விலையை எழுதிக் கல்லாவில் வையுங்கள். அடக்க விலையைக் காட்ட வேண்டியதில்லை.

பணத்துக்கு, காலையில் கல்லாவில் வைக்கும் சில்லறை தினமும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். 3,000 ரூபாய் என்றால் என்றும் 3,000. இரவில் பில் தொகை, கியூஆர் வசூல், செலவுச் சீட்டு மூன்றையும் வைத்து எண்ணினால் குறைவது அன்றே தெரியும். இந்த ஏற்பாட்டைக் கெடுப்பவர் பெரும்பாலும் முதலாளியே. வீட்டு மளிகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் சீட்டில்லாமல் கல்லாவில் கை வைத்துவிட்டு, 500 ரூபாய் குறைந்தால் யாரைக் கேட்பது? மாதம் ஒரு தொகையைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டு, குடும்பத்தை அதற்குள் நடத்தட்டும்.

ஓடிபிதான் இன்றைய கால்விலங்கு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரிக்குட்பட்ட சரக்கு அனுப்ப, இணையத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில் வேண்டும். அதற்கான ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் வரும். முதலாளி கோயில் வரிசையில் நிற்பார், வண்டி கடை வாசலில் நிற்கும். இ-வே பில் தளத்திலேயே துணைப் பயனரை உருவாக்கி, அவருடைய செல்போன் எண்ணைப் பதிய வழி இருக்கிறது. வங்கியிலும் நடப்புக் கணக்கை இயக்க இன்னொருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம்.

அந்தக் கடிதம் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். தனி உரிமைக் கடையில் உரிமையாளர் இறந்தால், வாரிசு அதே ஜிஎஸ்டி எண்ணில் வியாபாரத்தைத் தொடர முடியாது. புதுப் பதிவு எடுத்து, மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) ஐடிசி-02 படிவத்தின் வழியே மாற்ற வேண்டும். கணக்கில் நாமினி இல்லையென்றால், வாரிசுக்கான ஆவணங்கள் கைக்கு வருவதற்குள் கொள்முதல் பாக்கிக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். தனி உரிமைக் கணக்குக்கும் நாமினி போடலாம். சேமிப்புக் கணக்குக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தா புதுப்பிக்க வருவோருக்கு ரசீதோடு நாமினி படிவம், அதிகாரக் கடித மாதிரி, துணைப் பயனரை உருவாக்கும் வழிமுறை மூன்றையும் கொடுங்கள். சங்க அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன படிவம் திரும்பி வராது.

இப்படிக்கு,
சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதுவோர்