மனமில்லை என்று எழுதுமுன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

மருத்துவத் துறை ஆங்கிலப் பரீட்சைக்காக எழுதி நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சிக் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். நோயாளி யார், என்ன நடந்தது, கடிதம் போய்ச் சேரும் இடத்தில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. சின்னச் சின்னத் திருத்தங்களைச் சிவப்பால் குறித்துப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு இடம் மட்டும் ஃபோனில் சொல்லி முடிகிற காரியமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கடிதத்தில் வரும் அந்த வயதுபோன அம்மாவுக்கு முதியோர் இல்லத்துக்குப் போக மனமில்லை என்று சொல்ல வந்த இடத்தில் 'லோத்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறாய். நல்ல சொல்தான், ஆனால் அதன் வாலில் ஒரு 'ஈ' ஒட்டியிருக்கிறது. எல், ஓ, ஏ, டி, எச் என்று நின்றால் அது பெயரடை: ஒன்றைச் செய்ய மனம் வராமல் இருக்கிற நிலை. அதோடு 'ஈ' சேர்ந்தால் அது வினையாகிவிடும்: அருவருத்து வெறுப்பது. உச்சரிப்பும் வேறு. 'ஈ' இல்லாதது, இரண்டும் என்ற பொருளில் வரும் 'போத்' போல வெறும் காற்றாக முடியும். 'ஈ' உள்ளது முடியும்போது தொண்டையில் விரலை வைத்துப் பார், அதிரும். நம் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். நீ இதற்காக மனம் சோரத் தேவையில்லை மனே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த 'ஈ'யைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டும் ஒரே வேரில் இருந்து வந்தவை. பழைய ஆங்கிலத்தில் அந்தப் பெயரடைக்கே பகையான, வெறுப்புக்குரிய என்றுதான் பொருள். காலப்போக்கில் பெயரடையின் சூடு தணிந்துவிட்டது, வினையின் சூடு இன்னும் தணியவில்லை.

'ஈ' இல்லாத 'லோத்'துக்குப் பின்னால் 'டு'வும் ஒரு வினையும் வர வேண்டும். போக, சாப்பிட, கையெழுத்துப் போட என்று ஏதாவது ஒரு செயல் தொடர வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைப்பது வழக்கமில்லை. தயங்குகிற என்ற பொருளில் ரிலக்டன்ட் நோயாளி என்று எழுதலாம், லோத் நோயாளி என்று எழுதினால் காதுக்கு ஒட்டாது. ஒன்றில் விருப்பமில்லாத என்ற பொருளில் வரும் 'எவர்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் 'டு' வரும். ஆனால் அங்கே தொடர்வது பெயர்ச்சொல் அல்லது 'ஐஎன்ஜி' வடிவம். 'ரெட்டிசன்ட்' என்பதையும் இப்போது பலர் இந்தப் பொருளில் எழுதுகிறார்கள். அது வாய் திறந்து பேசத் தயங்குகிறவருக்கு உரிய சொல். மருந்து குடிக்கத் தயங்குகிறவருக்கு அதைப் போடாதே.

சரி, 'ஈ'யை வெட்டிவிட்டால் உன் வசனம் சரியாகிவிடுமா? இலக்கணத்தில் சரி. ஆனாலும் அந்தச் சொல்லையே நீ எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு உள்ளே ஒரு பற்று இருக்கிறது. நாவலடிச் சனங்களை நினைத்துப் பார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் துண்டில் இருந்தவர்கள் அவர்கள். பலருக்குக் கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற திராய்மடுவில் வீடு கிடைத்தது. கல் வீடு, நல்ல வீடு. ஆனால் தோணி கரையில் கிடக்க, ஆள் உள்ளே போய் எப்படி இருப்பது? பிள்ளைகளைப் பறிகொடுத்த அதே மணலை விட்டுப் போக அந்தத் தாய்மாருக்கு மனம் வரவில்லை. கடலை வெறுத்தார்கள், கரையை விட முடியவில்லை. இப்படி ஒரு மனதைச் சொல்ல 'லோத்' பொருந்தும். கதை எழுதும்போதும் நினைவுகளை எழுதும்போதும் தாராளமாகப் போடு. உன் கடிதமோ 180, 200 சொல்லுக்குள் முடிய வேண்டியது. எழுத்தின் நடையும் தொனியும் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தும் புள்ளி போடுகிறார்கள். அதில் கொஞ்சம் பழமையும் இலக்கியமும் மணக்கிற சொல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அங்கே போட வேண்டியது 'ரிலக்டன்ட்'. சாதாரணச் சொல் என்று தோன்றும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் அதன் வேர் மல்லுக்கட்டுவது. ஒருவர் ரிலக்டன்ட் என்றால் அவருக்குள்ளே ஒரு மல்லுக்கட்டு நடக்கிறது, இன்னும் யாரும் விழவில்லை. அவர் போகவும் கூடும், போகாமல் விடவும் கூடும். 'அன்வில்லிங்' என்று எழுதினால் மனம் அந்தப் பக்கம் இல்லை என்று ஆகிவிடுகிறது. 'ரிஃபியூஸ்' என்று எழுதினால் கதவு சாத்தியாயிற்று. நீ வேலை செய்கிற இங்கிலாந்தில் இந்த வித்தியாசத்துக்குச் சட்டத்தின் கனமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி சட்டத்தைப் பற்றி நீதானே எனக்குச் சொன்னாய்? முடிவெடுக்கும் வல்லமை இல்லை என்று காட்டப்படும் வரை ஒருவருக்கு அது உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் எடுக்கிற முடிவு மற்றவர்களுக்குப் புத்தியீனமாகத் தெரிந்தாலும் சரி என்று. அப்படியென்றால் ஒருவர் மறுத்துவிட்டார் என்று எழுதும்போது அவருடைய முடிவையே நீ பதிவு செய்கிறாய். தயங்கியவரை மறுத்தவராக எழுதிவிட்டால், அவர் எடுக்காத ஒரு முடிவை அவர் பெயரில் நீ எழுதி வைத்ததாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் இருந்து மட்டும் சொல்லவில்லை. அம்மம்மா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ சின்னப்பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. நான் பள்ளிக்கூடம் முடிந்து ஓடிப்போவேன். ஒருநாள் கட்டிலோடு கிடந்த பெட் ஹெட் டிக்கட்டை, நோயாளியின் விவரம் எழுதி வைக்கிற தாளை, எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில், சாப்பாட்டை மறுத்துவிட்டார் என்று எழுதிக் கிடந்தது. அதற்கு முதல்நாளும் அப்படித்தான். காலையில் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், அவர் தலையை ஆட்டுவார், தட்டு திரும்பிப் போகும். "ஏன் அம்மா சாப்பிடுறீங்க இல்ல?" என்று கேட்டேன். "ஏலாது மகள்" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கின் ஓரமெல்லாம் புண். சோறும் உறைப்புக் கறியும் பட்டால் உயிர் போகும். தயிர் கரைத்த கஞ்சியை ஆற வைத்துக் கரண்டியால் கொடுத்தேன், கோப்பை முடியும் வரை குடித்தார்.

நம் ஊரில் 'ஏலாது' என்று சொன்னால் அதற்குள் எத்தனை இருக்கிறது பார். உடம்புக்கு முடியாதபோதும் ஏலாது, பிடிக்காதபோதும் ஏலாது, பயமென்றாலும் ஏலாது, உங்களுக்குக் கரைச்சல் தர விரும்பவில்லை என்பதற்கும் ஏலாது. சொல்கிறவரின் முகத்தைப் பார்த்து நாங்கள் பிரித்து எடுத்துக்கொள்வோம். டிக்கட்டில் எழுதும்போது முகம் கூட வராது. அம்மம்மாவுக்கு அந்த எழுத்து வாசிக்கவும் தெரியாது, அது தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் தெரியாது. அடுத்த முறைக்கு வருகிற தாதி அதை வாசித்துவிட்டு, இவர் சாப்பிடாத ஆள் என்ற எண்ணத்தோடு கட்டிலுக்கு வருவார். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எழுதியவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

அதனால், மகன், மனமில்லை என்பதற்கு எந்தப் பெயரடை என்று அகராதியைத் திறக்குமுன் உனக்குத் தெரிய வேண்டியது அந்த மனிதருக்கு என்ன பிரச்சினை என்பது. ஏலாமலா, விருப்பமில்லாமலா, பயத்திலா? பரீட்சைக் கடிதத்தில் அது கொடுத்த குறிப்பிலேயே இருக்கும், தேடு. உன் குறிப்பில் அந்த அம்மா தன் பூனையை விட்டுப் போகக் கவலைப்படுகிறார் என்று இருந்ததே, நீ அதைக் கடிதத்தில் விட்டுவிட்டாய்! ரிலக்டன்ட் என்று எழுதி, பூனையைப் பற்றி அரை வரி சேர். அந்த அரை வரியால்தான் வாசிக்கிறவருக்கு ஏதாவது செய்ய வழி கிடைக்கும். பெயரடை எவ்வளவு சரியாக இருந்தாலும் காரணம் இல்லாமல் அது பாதிதான்.

மற்றது, நீ வேலை செய்கிற இல்லத்தில் ஒரு அம்மா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், ஒவ்வொரு நாளும் அப்படியே எழுதி வைக்கிறோம் என்று போன கிழமை சொன்னாய். அதில் இருந்து எனக்கு அவருடைய எண்ணமாகவே இருக்கிறது. அவரைக் குளிப்பாட்ட வருவது யார்? ஆண்பிள்ளையா? வெட்கமாக இருக்கலாம். தண்ணீர் சூடு காணாமல் இருக்கலாம். குளியலறையில் முன்பு எப்போதாவது விழுந்திருக்கலாம். யாராவது ஒரு பெண் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஆறுதலாகக் கேட்கச் சொல், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது. திருத்திய கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது, அடுத்த கிழமை மாமியோடு கொழும்புக்குப் போக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா